எட்டு மைக்ரோன்

என் விரல் நுனிகள் எப்போதும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். கையுறை போட்டாலும் சாயம் எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது. பிளாக்டவுன் மரக்கறிக் கடையில் நின்று வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது யாராவது ஓர் அன்ரி என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மருதாண்டியோ பிள்ளை? என்ன, நுனியில மட்டும் போட்டிருக்கிறீர்?" என்று கேட்பார். நான் "ஓம் அன்ரி" என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்லத் தொடங்கினால் வெண்டைக்காய் வாங்கி முடியாது. அது ஈயோசின் என்ற சாயம். நான் அதை மனிதர்களின் குடலுக்கும் தோலுக்கும் இதயத்துக்கும் போடுகிறேன் என்று சொன்னால் அன்ரி என் கையை உடனே விட்டுவிடுவார்.

மேற்குச் சிட்னியில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. இருபது வருடங்களுக்கு மேலாகச் சாயம் போடுகிறேன். உடம்பிலிருந்து வெட்டி எடுக்கும் திசு கிட்டத்தட்ட நிறமில்லாதது. அதை மெழுகில் புதைத்து, மெல்லியதாகச் சீவி, ஸ்லைட் என்ற கண்ணாடித் தட்டில் ஒட்டிப் பார்த்தால், யாரோ கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல ஒரு மங்கல்தான் தெரியும். எவ்வளவு விலை கூடிய நுண்ணோக்கி இருந்தாலும் பயனில்லை. ஒரு மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதியிலிருந்து எடுக்கும் ஹெமடொக்ஸிலின் என்ற சாயத்தைப் போட்டால் உயிர்க்கலங்களின் கரு நீலமாகும். மேலே ஈயோசின் போட்டால் மிச்சமெல்லாம் இளஞ்சிவப்பாகும். பாதி நோய்கள் இந்த இரண்டிலேயே பிடிபட்டுவிடும். மிச்சத்துக்கு வேறு வேறு விசேஷ சாயங்கள் இருக்கின்றன. கலியாண வீட்டில் சேலைகளைப் பார்த்து, "அந்த ஈயோசின் கலர் சேலை" என்று நான் சொன்னால் என் மகள், "அம்மா, ப்ளீஸ், நொட் ஹியர்" என்று முழங்கையால் இடிப்பாள்.

சாயம் போடுவதைவிட எனக்குப் பெருமை வெட்டுவதில். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குக்குப் பெயர் மைக்ரோன். நாங்கள் வழக்கமாக வெட்டுவது மூன்று அல்லது நான்கு மைக்ரோன் தடிப்பில். நான் மூன்றுக்கு மேல் போவதில்லை. என்னுடைய வெட்டுகள் கிழியாது, சுருங்காது, ஒன்றன்பின் ஒன்றாக நாடாபோல வந்து விழும். இந்த ஆய்வுகூடத்தில் என்னைப்போல வெட்ட ஆளில்லை. இதைத் தற்பெருமை என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லட்டும். ஆனால் முதலில் வெட்டும் இயந்திரத்தின் முன்னால் இருந்து வெட்டிக் காட்டிவிட்டுச் சொல்லட்டும்.

அத்தோடு நான் எதையும் எறியாதவள். எங்கள் குசினி அலுமாரியைத் திறந்தால் கழுவி அடுக்கிய ஐஸ்கிறீம் டப்பாக்கள் தலையில் விழும். "இந்த வீட்டில எனக்கு இடம் இல்லாமப் போனாலும் டப்பாவுக்கு இடம் இருக்கும்" என்பது என் கணவரின் நிரந்தரப் புலம்பல். பஸ் ஓட்டிவிட்டு வந்து பசியோடு டப்பாவைத் திறந்து, உள்ளே ஐஸ்கிறீமுக்குப் பதிலாக மிளகாய்த்தூளைக் கண்ட மனிதர் அவர். புலம்ப அவருக்கு உரிமை உண்டு.

இந்தக் குணத்தை நான் வேலைக்கும் கொண்டுபோனேன். ஊசியால் எடுக்கும் சின்னஞ்சிறு துண்டுகள் சீக்கிரம் தீர்ந்துபோகும். மெழுகுக் கட்டியை ஒவ்வொரு முறை இயந்திரத்தில் பூட்டும்போதும் கட்டியின் வெட்டுமுகத்தை நேராக்குவதற்கே கொஞ்சம் சீவி எறிய வேண்டியிருக்கும். அதனால் முதல் தடவை வெட்டும்போதே கூடுதலாகச் சில ஸ்லைட்டுகளை எடுத்து, சாயம் போடாமல் என் மேசை இழுப்பறையில், எங்கள் பேச்சில் லாச்சியில், வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன். பிறகு டொக்டர் விசேஷ சாயம் ஏதாவது கேட்டால் கட்டியைத் தொடத் தேவையில்லை, லாச்சியிலிருந்து எடுத்தால் போதும். எல்லோருக்கும் பிடித்திருந்தது. மனேஜர் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். பாராட்டை நான் மறுக்கவில்லை.

போன வருடம் ஒரு நாள் அந்த லாச்சிக்கு ஒருவருடைய இதயம் வந்தது. முழு இதயம் அல்ல. கழுத்து இரத்தக்குழாய் வழியாகக் கம்பியை விட்டு இதயத்தின் உட்சுவரிலிருந்து கிள்ளியெடுத்த நான்கு துணுக்குகள். ஒவ்வொன்றும் குறுணல் அரிசி அளவுதான். நானே வெட்டினேன். வழக்கமான நீலமும் இளஞ்சிவப்பும் போட்டு டொக்டருக்கு அனுப்பினேன். மிச்ச வெட்டுகளை லாச்சியில் வைத்தேன்.

அந்த டொக்டர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். நான் வெட்டும் ஸ்லைட்டுகளைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்வது அவருடைய வேலை. என்னைவிடப் பத்து வயது இளையவர். மேல்மாடியில் மற்றவர்கள் நடுவே ஆங்கிலத்தில் கதைப்போம். தனியாக இருந்தால் அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை டொக்டர் என்பேன். மறுநாள் காலையில் அவர் அந்த இதயத்துக்குக் கொங்கோ ரெட் கேட்டிருந்தார்.

கொங்கோ ரெட் பருத்தித் துணிக்காகச் செய்த சாயம். பிறகு அதற்கு வேறு ஒரு குணம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அமிலோயிட் என்று ஒரு கெட்ட புரதம் இருக்கிறது. அது இதயத் தசைகளுக்கு நடுவே போய்ப் படிந்தால் இதயம் மெல்ல மெல்ல விறைத்துப்போகும். கொங்கோ ரெட் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய ஸ்லைட்டை முனைவாக்கிய ஒளி என்ற ஒரு விசேஷ வெளிச்சத்தில் பார்த்தால், இருட்டுக்குள்ளே பச்சை ஆப்பிள் நிறத்தில் மின்னும். பச்சை தெரிந்தால் அமிலோயிட். தெரியாவிட்டால் இல்லை. அவ்வளவு தெளிவான கேள்வி, அவ்வளவு தெளிவான பதில். அதனாலேயே எனக்கு அந்தச் சாயத்தைப் பிடிக்கும்.

நான் லாச்சியிலிருந்து ஒரு ஸ்லைட்டை எடுத்தேன். பக்கத்தில் கொன்ட்ரோலை வைத்தேன். கொன்ட்ரோல் என்பது அமிலோயிட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த வேறொரு பழைய திசு. இரண்டுக்கும் ஒன்றாகச் சாயம் போடுவோம். கொன்ட்ரோல் பச்சையாக மின்னினால் சாயம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். அன்று கொன்ட்ரோல் அழகாக மின்னியது. நான் இரண்டையும் மேலே அனுப்பிவிட்டு அடுத்த வேலையைத் தொடங்கினேன்.

இரண்டு மணியளவில் டொக்டர் ஸ்லைட்டுகளோடு கீழே இறங்கி வந்தார். அவர் கீழே வருவது அபூர்வம்.

"அக்கா, ஒரு நிமிஷம். கண்ட்ரோல் சூப்பரா வந்திருக்கு. ஆனா பேஷண்ட்டுக்கு பச்சையே இல்ல."

"அப்ப அவருக்கு இல்லை, டொக்டர்."

"அதான் உறுத்துது. தசைக்கு நடுவுல என்னமோ படிஞ்ச மாதிரிதான் இருக்கு. ஸ்கேன்லயும் அதே சந்தேகம்தான். ஆனா இது வெறும் தழும்பாவும் இருக்கலாம். ஐம்பத்திரண்டு வயசு, டிரக் ஓட்டுறவராம். இப்போ பத்து படி ஏறினா மூச்சு வாங்குது. நாலு மணிக்கு ஹார்ட் டாக்டர் போன் பண்ணுவார். நான் நெகட்டிவ்னு சொன்னா வேற வியாதின்னு ட்ரீட் பண்ண ஆரம்பிச்சுடுவாங்க. ஆறு மாசம் கழிச்சு இதுதான்னு தெரிஞ்சா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"திருப்பிச் செய்யச் சொல்லுறீங்களோ?"

"இல்லக்கா, உங்ககிட்ட கேக்கலாம்னுதான்…"

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடத்தில் என் சாயத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. "கொன்ட்ரோலைப் பாருங்கோ டொக்டர். அதே போத்தல், அதே நேரம், அதே கை. என்ர சாயத்தில பிழை இல்லை" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் தமிழ் விளங்காமலே திரும்பிப் பார்த்தார்கள். டொக்டர், "சரிக்கா, நீங்க சொன்னா சரி" என்று ஸ்லைட்டுகளை என் மேசையிலேயே வைத்துவிட்டு மேலே போனார்.

நீங்கள் சொன்னால் சரி. அந்த வார்த்தைதான் என்னை இருக்கவிடவில்லை. தேத்தண்ணி ஊற்றினேன், குடிக்கவில்லை. நான் சொன்னது சரிதான் என்று எனக்கே காட்டிக்கொள்ள வேண்டும் என்ற ரோசத்தில் இரண்டு ஸ்லைட்டுகளையும் எடுத்துப் போய் யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கொன்ட்ரோலில் சிவப்பு இருந்தது, மற்றதில் இல்லை. அது தெரிந்ததுதான். நுண்ணோக்கியில் வைத்தேன். அப்போது சிவப்பை விட்டுவிட்டு நீலத்தைப் பார்த்தேன்.

கொங்கோ ரெட்டுக்குப் பிறகு கருக்கள் தெரிவதற்காகக் கொஞ்சம் ஹெமடொக்ஸிலினும் போடுவோம். கொன்ட்ரோலில் அந்த நீலம் நல்ல கடுமையாக இருந்தது. இதயத்தில் வெளிறியிருந்தது. ஒரே போத்தல், ஒரே நேரம், ஒரே கை என்றால் நீலமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் வித்தியாசம் சாயத்தில் இல்லை, வெட்டில்.

கொங்கோ ரெட்டுக்கு எட்டு மைக்ரோன் தடிப்பில் வெட்ட வேண்டும். மெல்லிய வெட்டில் அமிலோயிட் இருந்தாலும் சாயம் பிடிக்கும் அளவுக்குப் பொருள் இருக்காது, பச்சை தெரியாமலே போகலாம். இது எனக்குத் தெரியாத விதி அல்ல. சுவரில் தொங்கும் செய்முறைத் தாளில் இருக்கிறது. அந்தத் தாளைத் தட்டச்சு செய்ததே நான். கொன்ட்ரோல் ஸ்லைட்டுகளை வேறொருவர் அந்தத் தாளைப் பார்த்து எட்டில் வெட்டியிருந்தார். என் லாச்சியில் இருந்தவை எல்லாம் என்னுடைய புகழ்பெற்ற மூன்று மைக்ரோன். எறியக்கூடாது என்ற ஒரே நினைப்பில் கையை லாச்சிக்குள் விட்டவளுக்கு விதி ஞாபகம் வரவில்லை. கொன்ட்ரோல் மின்னியதும் எல்லோருடைய வாயும் அடைபட்டுப்போனது. முதலில் அடைத்தது நான்தான்.

மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் படியில் ஓடினேன். டொக்டருடைய கதவு திறந்திருந்தது. அவர் தொலைபேசியில் இருந்தார். மணி நான்கு ஆகவில்லை, ஆனால் அந்த இதய மருத்துவர் முந்திக்கொண்டு அழைத்துவிட்டார். "நெகட்டிவ்" என்ற சொல் என் காதில் விழுந்தது.

"வைக்காதேங்கோ!" என்று கத்தினேன். "அது பிழை. நான் மெல்லிசில போட்டிட்டன்."

அவர் தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தொலைபேசியில், அந்த முடிவை எழுத வேண்டாம், ஆறு மணிக்குத் தானே அழைப்பதாக ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்தார். பிறகு கேட்ட முதற்கேள்வி சரியான கேள்வி.

"கட்டியில மிச்சம் இருக்காக்கா?"

"கொஞ்சம்."

"தீர்ந்துபோச்சுன்னா அவருக்கு மறுபடியும் கழுத்து வழியா கம்பி விடணும். இந்த நிலைமையில அதுக்கு அவர் தாங்குவாரான்னு தெரியல."

"தீராது" என்றேன். அதை எந்தத் துணிவில் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு. ஆனால் சொன்னேன்.

கீழே வந்து கட்டியை எடுத்தேன். நான்கு துணுக்குகளில் இரண்டு ஏற்கெனவே தீர்ந்திருந்தன. மிச்ச இரண்டும் மெழுகுக்குள் மங்கலாகத் தெரிந்தன. லாச்சிக்காக நான் சேமித்த வெட்டுகளில் போன திசு அது என்று நினைக்க ஆத்திரமாக வந்தது. கட்டியைப் பனிக்கட்டியின் மேல் வைத்துக் குளிரவைத்தேன். இயந்திரத்தை எட்டுக்குத் திருப்பினேன். அந்த எண்ணை நான் தொட்டு எவ்வளவு காலம் என்று எனக்கே தெரியாது. முகம் நேராகும்வரை சீவ வழியில்லை. எனவே கத்திக்கும் கட்டிக்கும் நடுவே வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து, மயிரிழையாகத் திருப்பிப் பொருத்தினேன். அதற்கே கால் மணித்தியாலம் போனது. என் கையில் எனக்கு நம்பிக்கை இருந்தது. என் தலையில்தான் அன்று இல்லை.

முதல் வெட்டு பாதி மெழுகாக வந்தது. இரண்டாவதில் ஒரு துணுக்கு முழுதாக இருந்தது. மூன்றாவதில் இரண்டும். அதோடு நிறுத்தினேன். கட்டியில் இன்னும் ஒரு மெல்லிய நிழல் மிச்சம் இருந்தது. வெட்டுகளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் எடுத்து, ஸ்லைட்டில் ஏந்தினேன். சூட்டடுப்பில் காயவைத்து, ஆறவைத்து, உப்புச் சாராயக் கரைசலிலும் கொங்கோ ரெட்டிலும் போட்டு எடுக்கும்வரை நான் கதிரையில் உட்காரவே இல்லை. வீட்டிலிருந்து அழைத்த கணவரிடம், "பிந்தும், புட்டு டப்பாவில இருக்கு" என்று மட்டும் சொன்னேன். எந்த டப்பா என்று அவர் கேட்பதற்குள் வைத்துவிட்டேன்.

ஆறு மணிக்குச் சற்று முன்னர் டொக்டருடைய அறையில் விளக்கை அணைத்தோம். அவர் நுண்ணோக்கியில் வைத்தார். இருவர் பார்க்கக்கூடிய நுண்ணோக்கி அது, நான் மறுபக்கத்தில் கண்ணை வைத்தேன். அவர் ஒளித்தட்டை மெல்லத் திருப்பினார். எல்லாம் இருண்டது. இன்னும் திருப்பினார்.

பச்சை. தசைநார்களைச் சுற்றிச் சுற்றி, வலைபோல, சந்தேகத்துக்கு இடமே இல்லாத பச்சை.

நான் கைதட்டினேன். டொக்டர் "அக்கா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். ஒரு நிமிடம் இரண்டு பேரும் பரீட்சை பாஸ் பண்ணிய பிள்ளைகள்போல இருந்தோம். பிறகு அவர் தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தத் தொடங்கியதும் நாங்கள் எதைக் கொண்டாடினோம் என்பது விளங்கியது. ஒரு மனிதருடைய இதயம் நிறையக் கெட்ட புரதம் இருக்கிறது என்ற செய்திக்குக் கைதட்டியிருக்கிறோம். வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தோஷம் போகவில்லை. அவருக்கு இனி உரிய மருந்து தொடங்கும், அடுத்த கிழமையே தொடங்கும் என்று தொலைபேசியில் சொன்னார்கள்.

டொக்டர் கைப்பையை எடுத்தார். "அறிக்கை வெளியில போகல. பெருசா எழுதி வைக்கணும்னு அவசியமில்லக்கா. வீட்டுக்குப் போங்க" என்றார்.

நான் எழும்பவில்லை. அந்த டிரக் ஓட்டுநரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியின் பின்னாலேயே வேறொன்று வந்து நின்றது. அந்த லாச்சி இரண்டு வருடமாக இருக்கிறது.

"டொக்டர், இதுக்கு முன்னமும் நான் லாச்சியில இருந்து எடுத்துக் கொங்கோ ரெட் போட்டிருப்பன்."

அவர் கைப்பையைக் கீழே வைத்தார்.

அடுத்த நாள் காலையில் மனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நடந்ததைப் படிவத்தில் எழுதி, செய்தவர் யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். பிறகு பதிவேட்டைத் திறந்தோம். லாச்சியிலிருந்து எடுத்தால் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போடுவது என் பழக்கம். கொங்கோ ரெட் என்று எழுதி, பக்கத்தில் வட்டம் போட்டு, பச்சை இல்லை என்று முடிவு சொன்னவை நான்கு இருந்தன. களஞ்சியத்திலிருந்து நான்கு கட்டிகளையும் எடுப்பித்தேன். எட்டு மைக்ரோனில் வெட்டினேன். முதல் மூன்றிலும் பச்சை இல்லை. ஒவ்வொன்றும் இருட்டாக இருக்க இருக்க எனக்கு மூச்சு வந்தது.

நான்காவது ஒரு வயதான அம்மாவின் குடல் துண்டு. அதை வெட்டுவதற்கு முன் டொக்டர் கணினியில் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "இவங்க போன ஜூலையிலயே இறந்துட்டாங்க" என்றார். பிறகு கேட்டார், "இதை விட்டுடலாமாக்கா? அவங்களுக்கு இனிமே ஒண்ணும் ஆகப்போறதில்ல."

"எனக்கு ஆகும்" என்றேன்.

அதை வெட்டத் தொடங்கினேன். இரண்டு வெட்டைக் கிழித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அசிங்கமான வெட்டு நான் வெட்டியதில்லை. மூன்றாவதை எடுத்துச் சாயம் போட்டு, கொன்ட்ரோலோடு மேலே கொண்டுபோனேன். டொக்டர் முதலில் கொன்ட்ரோலை வைத்தார். மின்னியது. பிறகு அந்த அம்மாவை வைத்தார். நீலத்தைப் பார்த்தேன், இரண்டிலும் ஒரே கடுமை. தட்டைத் திருப்பினார். இருட்டு. துண்டு முழுவதையும் மூலை மூலையாக நகர்த்தினார். இருட்டு. விளிம்புவரை போய்த் திரும்பி வந்தார்.

"இல்லக்கா" என்றார். "எங்கயுமே இல்ல."

நான் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அழுவதை அவர் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். அவர் விளக்கைப் போடாமல் இருந்ததால் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று விளங்கியது. முகம் தெரியாத அந்த அம்மா எதனால் செத்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் என் கையால் சாகவில்லை.